ரொமான்டிசிசத்த பத்து பாயிண்ட் மனப்பாடம் பண்ணாம படிக்கிறது எப்படி

இங்கிலீஷ் லிட்ரேச்சர் எடுத்த நிறைய பேருக்கு இது நடந்திருக்கும். ரொமான்டிக் இயக்கத்தின் சிறப்பியல்புகள்னு தலைப்பு போட்டு பத்து பாயிண்ட் நோட்ஸ், இயற்கை மேல காதல், கற்பனைக்கு முதலிடம், உணர்ச்சி, தனிமனிதன், பழமை மேல ஏக்கம், இப்படியே போகும், எங்க காலேஜ்லயும் அதத்தான் டிக்டேட் பண்ணாங்க, நானும் வரி மாறாம எழுதி மார்க்கும் வாங்கிட்டேன். பரீட்சையெல்லாம் முடிஞ்சு ரெண்டு வருஷம் கழிச்சு ஒரு நாள் சும்மா கீட்ஸ் கவிதை ஒண்ண எடுத்துப் படிச்சா அந்தப் பத்துல ஒண்ணு கூட உதவிக்கு வரல. அதுக்கப்புறம் நானா முட்டி மோதிப் படிச்ச வழி ஒண்ணு இருக்கு, அதத்தான் இங்க எழுதுறேன். பரீட்சைக்கும் உதவும், ஆனா அதுக்காக எழுதல.

மொதல்ல அந்தச் சொல்ல சரி பண்ணிக்கலாம். ரொமான்டிக்னதும் லவ்வு, ரோஜாப்பூ, மழையில டூயட்டுன்னு மனசுல ஓடுதுல்ல, அத ஓரமா வச்சிருங்க. பழைய ஐரோப்பாவுல லத்தீன்ல எழுதாம ஜனங்க பேசுற மொழியில எழுதுன வீரசாகசக் கதைங்களுக்கு ரொமான்ஸ்னு பேரு, அந்தக் கதைங்கள்ல வர்ற மாதிரி நம்பவே முடியாம இருக்குங்கிற அர்த்தத்துலதான் ரொமான்டிக்ங்கிற சொல்லே வந்துச்சு, ஆரம்பத்துல கொஞ்சம் கிண்டலும் அதுல உண்டு. தமிழ்ல கற்பனாவாதம், புனைவியல்னு சொல்றோம், இலங்கை விமர்சகர்கள் எழுத்துல மனோரதியம்னும் பார்க்கலாம். எனக்கு எந்தச் சொல்லும் முழுசா ஒட்டல, அதனால ரொமான்டிசிசம்னே எழுதிட்டுப் போறேன்.

இன்னொரு விஷயம், வேர்ட்ஸ்வொர்த்தோ கீட்ஸோ தங்கள ரொமான்டிக் கவிஞர்னு ஒருநாளும் சொல்லிக்கிட்டதில்ல. அந்தக் காலத்துப் பத்திரிகைக்காரங்களும் எதிராளிங்களும் இவங்கள கும்பல் கும்பலா பிரிச்சு ஏரிக்கரைக் கூட்டம், காக்னி கூட்டம், சாத்தான் கூட்டம்னு திட்டத்தான் பேரு வச்சாங்க. எல்லாரையும் ஒரே பந்தியில உட்கார வச்சது பின்னால வந்த வாத்தியாருங்க. 1924ல லவ்ஜாய்ங்கிற அமெரிக்க அறிஞர் இத ஒருமையில சொல்றதே தப்பு, ரொமான்டிசிசங்கள்னு பன்மையிலதான் சொல்லணும்னு எழுதுனாரு. அது புரிஞ்சாலே பாதி குழப்பம் தீர்ந்துரும், ஏன்னா ஜெர்மனில இருந்தத இங்கிலாந்துல தேடி, இங்கிலாந்துல இருந்தத பிரான்ஸ்ல தேடித்தான் நாம மண்டைய உடைச்சுக்கிறோம்.

சரி, என் வழி என்னன்னா ரெண்டே வேலைதான். ஒரே ஒரு கவிதைய ரொம்பக் கிட்டப் போய் பாருங்க, அது எப்படி உருவாச்சுங்கிற வரைக்கும். அப்புறம் ஒவ்வொரு ஊருக்கும் போறப்ப, இவங்க இங்க யாரோட சண்டை போட்டாங்கன்னு கேளுங்க. எது பிடிச்சதுன்னு கேட்டா எல்லாரும் இயற்கை இயற்கைன்னுதான் சொல்வாங்க, எது பிடிக்கலன்னு கேட்டாத்தான் ஆளுக்கு ஆள் வித்தியாசம் தெரியும்.

கிட்டப் போய்ப் பார்க்க நம்ம எல்லாரும் ஸ்கூல்ல படிச்ச டாஃபடில்ஸே போதும். அது ரொம்ப பழசுங்கன்னு சொல்லாதீங்க, நீங்க பாதியத்தான் படிச்சிருக்கீங்க. இன்னொரு பாதி வேர்ட்ஸ்வொர்த்தோட தங்கச்சி டாரதி எழுதுன டைரில இருக்கு. 1802 ஏப்ரல் 15, வியாழக்கிழமை. அண்ணனும் தங்கச்சியும் தெரிஞ்சவங்க வீட்டுலேர்ந்து அல்ஸ்வாட்டர் ஏரிக்கரை வழியா திரும்பி நடந்து வர்றாங்க, காத்துன்னா அப்படி ஒரு காத்து. மொதல்ல தண்ணிக்குப் பக்கத்துல நாலஞ்சு பூ தெரியுது, ஏரி தண்ணி விதைய கரை ஒதுக்கி முளைச்சிருக்கும்னு பேசிக்கிறாங்க. போகப் போக பூ அதிகமாகுது, கடைசில பார்த்தா கரையோரமா ஒரு பெரிய ரோட்டு அகலத்துக்கு நீளமா பூ. டாரதி எழுதுறாங்க, சில பூ களைச்சுப் போய் பாசி படிஞ்ச கல்லு மேல தலைய தலகாணில வைக்கிற மாதிரி சாய்ச்சிருந்துச்சாம், மத்ததெல்லாம் தள்ளாடி ஆடிக்கிட்டு காத்தோட சேர்ந்து நெஜமாவே சிரிக்கிற மாதிரி இருந்துச்சாம். அப்புறம் மழை பிடிச்சுக்குது. நனைஞ்சுக்கிட்டே போய் ஒரு சத்திரத்துல ஹாமும் உருளைக்கிழங்கும் சாப்பிட்டுட்டு வெந்நீர் கலந்த ரம் ஒரு கிளாஸ் குடிச்சிருக்காங்க.

இப்ப கவிதைய எடுங்க. ஒரு மேகம் மாதிரி நான் தனியா அலைஞ்சேன்னு ஆரம்பிக்குது. தனியாவா? தங்கச்சி எங்க? மழை எங்க, ரம் எங்க, கல்லு மேல தலை சாய்ச்ச பூ எங்க? எல்லாத்தையும் எடுத்துட்டாரு. மிச்சம் வச்சது ஆட்டமும் சிரிப்பும் மட்டும். அதுவும் அன்னிக்கு ராத்திரியே பொங்கி எழுதுனதுன்னு நெனைச்சா அதுவும் இல்ல, ரெண்டு வருஷம் கழிச்சு எழுதி 1807ல அச்சாச்சு. அப்பக்கூட மூணே பத்திதான், பூவு தங்கமாவே இல்ல, ஆடுற டாஃபடில்ஸ்னுதான் இருந்துச்சு. 1815ல திருத்தறப்பதான் தங்கம்ங்கிற சொல்லும் பால்வீதி நட்சத்திரம் மாதிரி வரிசையா நின்னுச்சுங்கிற பத்தியும் உள்ள வந்துச்சு. கடைசில சோபாவுல சும்மா படுத்திருக்கப்ப அந்தப் பூ உள்கண்ணுல பளிச்சுன்னு அடிக்குது, அதுதான் தனிமையோட பேரின்பம்னு ரெண்டு வரி வருது பாருங்க, அது அவரு எழுதுனதே இல்ல, அவரு சம்சாரம் மேரி சொன்ன வரி. கவிதையிலேயே நல்ல ரெண்டு வரி அதுதான்னு அவரே ஒத்துக்கிட்டாரு. தனிமையப் பத்தின கவிதைக்குப் பின்னால மூணு பேரு வேலை பார்த்திருக்காங்க.

இது எதுக்கு முக்கியம்னா, கவிதைங்கிறது பலமான உணர்ச்சியோட தன்னிச்சையான பொங்கல்னு வேர்ட்ஸ்வொர்த் சொன்னாருன்னு எல்லா கைடுலயும் போட்டிருக்கும். சொன்னாரு, லிரிகல் பாலட்ஸ்ங்கிற புத்தகத்துக்கு 1800ல வந்த ரெண்டாம் பதிப்பு முன்னுரைல சொன்னாரு. ஆனா அதே முன்னுரைல ரொம்ப நாள் ஆழமா யோசிச்சவனுக்குத்தான் அந்தப் பொங்கல் நல்ல கவிதையா வரும்னும், அமைதியா உட்கார்ந்து நெனைச்சுப் பார்க்கிற உணர்ச்சிலேர்ந்துதான் கவிதை பிறக்குதுன்னும் சேர்த்தே சொல்லியிருக்காரு. கைடு போடுறவங்க பால் பொங்குனத எழுதிட்டு அடுப்ப அணைச்சத விட்டுட்டாங்க. அதனால ரொமான்டிக்னா நெனைச்சத அப்படியே கொட்டுறதுன்னு யாராவது சொன்னா இந்த டைரியையும் கவிதையையும் பக்கத்துல பக்கத்துல வச்சுக் காட்டுங்க. நீங்களும் அப்படியே பண்ணிப் பாருங்க, ஒரு நோட்டுல இடது பக்கம் டைரில இருக்கறது, வலது பக்கம் கவிதைல இருக்கறது, எது காணாமப் போச்சுன்னு மட்டும் எழுதுங்க, அரை மணி நேரம்தான் ஆகும்.

தமிழ் வாசகருக்கு இங்க ஒரு வழுக்கல் உண்டு, நானும் விழுந்திருக்கேன். குறிஞ்சின்னா கூடல், நெய்தல்னா இரங்கல்னு படிச்ச மனசு எந்த மலையைப் பார்த்தாலும் அதுக்கு ஒரு பொருள் ரெடியா இருக்கும்னு எதிர்பார்க்கும். சங்கப் பாட்டுல அந்த மரபு எல்லாருக்கும் பொதுச்சொத்து, கவிஞன் அதுக்குள்ள நின்னுதான் வித்தை காட்டுவான். இவங்க கிட்ட அந்தப் பொதுச்சொத்து கிடையாது, இருந்ததையும் வேணாம்னுட்டாங்க, ஒவ்வொருத்தரும் தன் மலைக்குத் தானே அர்த்தம் கண்டுபிடிக்கணும், சில நேரம் கண்டுபிடிக்க முடியாம தவிக்கிறதே கவிதையாயிரும்.

இப்ப சண்டைக்கு வருவோம், மொதல்ல இங்கிலாந்து. பதினெட்டாம் நூற்றாண்டுக் கவிதைல மீனை மீன்னு சொன்னா மட்டம், செதில் கொண்ட குலம்னு சொல்லணும், அந்த மாதிரி அலங்கார மொழி. அதோடதான் வேர்ட்ஸ்வொர்த்துக்குத் தகராறு, கவிஞன்னா யாரு, மனுஷங்க கிட்டப் பேசுற ஒரு மனுஷன், அவன் ஜனங்க பேசுற மொழியிலதான் எழுதணும்னாரு. 1798ல அவரும் கோல்ரிட்ஜும் சேர்ந்து லிரிகல் பாலட்ஸ்னு ஒரு சின்னப் புத்தகம் போட்டாங்க, பேரு கூட போடல. வேலைய பிரிச்சுக்கிட்ட விதம்தான் அழகு, வேர்ட்ஸ்வொர்த் தினம் பார்க்கிற விஷயத்த எடுத்து அதுல அதிசயம் காட்டணும், கோல்ரிட்ஜ் பேய் பிசாசு மாதிரி அதிசயத்த எடுத்து நிஜம்னு நம்ப வைக்கணும். இந்த ரெண்டையும் ஞாபகம் வச்சுக்கிட்டீங்கன்னா அதுக்கப்புறம் வர்ற பாதிப் பேர எந்தப் பக்கம்னு நீங்களே பிரிச்சிருவீங்க. புத்தகத்துல மொத கவிதை கோல்ரிட்ஜோட கிழ மாலுமி, ஒரு கடல்பறவைய காரணமே இல்லாம அம்பு விட்டுக் கொன்ன மாலுமி கதை. 1800ல அடுத்த பதிப்பு போட்டப்ப வேர்ட்ஸ்வொர்த் அத மொத எடத்துலேர்ந்து தூக்கி பின்னால தள்ளிட்டு, இந்தக் கவிதைல இன்னின்ன குறை இருக்குன்னு ஒரு குறிப்பும் எழுதி வச்சாரு. கூட்டாளியோட கவிதைக்கு இப்படி ஒரு குறிப்பு! என்ன சொல்றது.

பிரெஞ்சுப் புரட்சிய விட்டுட்டு இவங்களப் படிக்கவே முடியாது. 1789ல புரட்சி வெடிச்சப்ப வேர்ட்ஸ்வொர்த்துக்கு 19 வயசு, ரெண்டு வருஷத்துல பிரான்ஸுக்கே போயிட்டாரு, அங்க ஒரு பொண்ணோட பழகி ஒரு மகளும் பிறந்தா. அந்த விடியல்ல உயிரோட இருந்ததே ஆனந்தம்னு பின்னால எழுதுனாரு. அவரு ஊர் திரும்புனதுக்கு அப்புறம் கில்லட்டின், போர், நெப்போலியன்னு எல்லாம் கெட்டு, மனசு விட்டுப்போச்சு. அந்த ஏமாத்தத்த நெஞ்சுல வச்சுக்கிட்டு அவரோட மலைக்கவிதைகளப் படிங்க, வெறும் ரசனையா தெரியாது, வேற எங்கயும் நம்பிக்கை வைக்க முடியாத ஒருத்தன் மலைகிட்ட வந்து நிக்கிற மாதிரி தெரியும். வயசாக ஆக அவரு அரசாங்கம் பக்கம் சாஞ்சுட்டாரு, அடுத்த தலைமுறைக்கு அதுல செம கோவம், அவங்கெல்லாம் போனதுக்கு அப்புறம் அரசவைக் கவிஞராவும் ஆகி 80 வயசு வரைக்கும் இருந்தாரு.

அந்த அடுத்த தலைமுறைதான் பைரன், ஷெல்லி, கீட்ஸ். ஷெல்லிய ஆரம்பிக்க மேற்குக் காத்துக் கவிதைய எடுங்க, ஆனா கண்ணால படிக்காதீங்க, வாய்விட்டுப் படிங்க, மூச்சு வாங்கும், வாங்கணும். 1819ல ஃப்ளாரன்ஸ் பக்கத்துல ஆர்னோ ஆத்தங்கரைக் காட்டுல எழுதுனது. அஞ்சு பகுதி, ஒவ்வொண்ணும் பதினாலு வரி. ஒண்ணாவதுல காத்து இலைய அடிச்சுட்டுப் போகுது, ரெண்டாவதுல மேகத்த, மூணாவதுல அலைய. நாலாவதுல நான் ஒரு இலையா இருந்தா, மேகமா இருந்தா, அலையா இருந்தான்னு மூணையும் வரிசையா கோத்து தன்ன உள்ள வைக்கிறாரு. அஞ்சாவதுல இந்தக் காட்டை வாசிக்கிற மாதிரி என்னையும் யாழா வச்சு வாசி, என் செத்துப்போன எண்ணங்கள சருகு மாதிரி உலகம் பூரா தூவு, புதுசா முளைக்கட்டும்னு கேக்குறாரு. புயல் மாதிரி தெரியிற கவிதைக்குள்ள இவ்ளோ கணக்கான கட்டடம். அதே வருஷம் ஆகஸ்ட்ல மான்செஸ்டர்ல கூட்டம் போட்ட ஜனங்க மேல குதிரைப்படைய ஏவி விட்டாங்க, அந்த சேதி இத்தாலில இருந்த ஷெல்லிக்கு வந்து கொதிச்சுப் போயிருந்தாரு, இலை விதைன்னு பேசுறதெல்லாம் வெறும் இலை விதை இல்ல. நம்ம பாரதி ஒரு காலத்துல ஷெல்லிதாசன்னு புனைபெயர் வச்சுக்கிட்டதுக்குக் காரணம் தேடுறவங்க இங்கேர்ந்து தேடலாம்.

கீட்ஸ் வேற ஆளு. மருத்துவத்துக்குப் படிச்சுட்டு அத விட்டவரு, அம்மாவையும் தம்பியையும் காசநோய்க்குக் கொடுத்துட்டு தானும் அதுலயே 1821ல ரோம்ல 25 வயசுல போனவரு. ரொமான்டிக்னா நான் நான்னு பேசுறதுன்னு ஒரு பாயிண்ட் இருக்கும் பாருங்க நோட்ஸ்ல, அத உடைக்க அவரோட இலையுதிர்கால கவிதை ஒண்ணு போதும். 33 வரி, நான்ங்கிற சொல் ஒரு எடத்துல கூட இல்ல. பழம் பழுக்குது, தேனடை நிரம்பி வழியுது, பாதி அறுத்த வயல்ல யாரோ தூங்குறாங்க, கடைசி பத்தில கொசுக்கூட்டம், ஆட்டுக்குட்டி, வெட்டுக்கிளி, ராபின் குருவின்னு வெறும் சத்தம், தகைவிலான் கூட்டம் கூடுறதோட கவிதை முடிஞ்சிருது. சாவு வரப்போகுதுன்னு ஒரு வார்த்தை கிடையாது, ஆனா இருக்கு. ஒரு கடிதத்துல அவரு சொல்றாரு, நிச்சயமில்லாததுலயும் புதிர்லயும் சந்தேகத்துலயும் பதிலுக்கு அவசரப்படாம இருக்கத் தெரியறதுதான் பெரிய கவிஞனோட லட்சணம்னு. இந்த ஆள அவசரமா படிக்காதீங்க.

அதே இங்கிலாந்துல வில்லியம் ப்ளேக்னு ஒரு கவிஞர், அவர அச்சுப் புத்தகத்துல மட்டும் படிச்சு முடிச்சுராதீங்க. தொழில்ல அவரு செதுக்குவேலைக்காரர், கவிதையையும் படத்தையும் ஒரே செப்புத்தகட்டுல பண்ணி தானே அச்சடிச்சு, சம்சாரம் கேத்தரினும் அவரும் கையால கலர் அடிச்சாங்க. அந்தப் பக்கங்கள் இணையத்துல ப்ளேக் ஆர்கைவ்ல இலவசமா இருக்கு, படத்தோட பாருங்க. புகைக்கூண்டு துடைக்கிற பையன் கவிதை 1789ல ஒண்ணு, 1794ல ஒண்ணு, ஒரே தலைப்பு, ரெண்டையும் அடுத்தடுத்து படிச்சா போதும், விளக்கம் வேணாம்.

ஜெர்மனிதான் எனக்கு ரொம்ப லேட்டா திறந்துச்சு, ஏன்னா அங்க சண்டை வேற. அதுக்கு முன்கதை 1774ல கதேங்கிற எழுத்தாளர் எழுதுன வெர்தர்ங்கிற நாவல், நிச்சயமான பொண்ணு மேல ஆசைப்பட்டு கடைசில அவ புருஷன்கிட்டயே துப்பாக்கி கடன் வாங்கி சுட்டுக்கிற பையனோட கதை, முக்கால்வாசி கடிதங்களா போகும். ஐரோப்பா பூரா பசங்க வெர்தர் மாதிரி நீலக் கோட்டும் மஞ்சள் வெய்ஸ்ட்கோட்டும் போட ஆரம்பிச்சுட்டாங்க, லைப்சிக் நகரத்துல புத்தகத்தையும் டிரெஸ்ஸையும் சேர்த்தே தடை பண்ணாங்க. ஆனா அதே கதே வயசான காலத்துல கிளாசிக்கல்னா ஆரோக்கியம், ரொமான்டிக்னா நோய்னு சொல்லிட்டாரு. நெருப்பு வச்சவரே தண்ணி ஊத்துன கதை.

அசல் கூட்டம் யேனாங்கிற சின்ன ஊர்ல கூடுச்சு, ஷ்லேகல் அண்ணன் தம்பி, நோவாலிஸ், டீக். 1798லேர்ந்து 1800 வரைக்கும் அதெனேயம்னு ஒரு பத்திரிகை நடத்துனாங்க. இவங்க சண்டை எல்லாத்தையும் அறிவால அடுக்கி முடிச்சுட்டோம்ங்கிற நினைப்போட. அதனால முடிக்காம எழுதுறதையே ஒரு வடிவமா ஆக்கிட்டாங்க, ரெண்டு வரி, அஞ்சு வரின்னு துண்டு துண்டா. துண்டுங்கிறது முள்ளெலி மாதிரி தனக்குள்ள சுருண்டு முழுசா இருக்கணும்னு ஃப்ரீட்ரிஷ் ஷ்லேகல் எழுதுறாரு. தொடர்ச்சியா படிக்காதீங்க, நாளைக்கு ரெண்டு துண்டு போதும். நோவாலிஸ் உப்புச் சுரங்க அதிகாரி, கல்யாணம் பண்ண இருந்த சோஃபி 15 வயசுல செத்துப்போக, இரவுக்கான துதிப்பாடல்கள்னு எழுதுனாரு, அவரும் 28 வயசுல போயிட்டாரு. அவரோட முடியாத நாவல்ல ஒரு பையன் கனவுல நீலப்பூ ஒண்ண பார்த்துட்டு அதத் தேடிக் கிளம்புறான், ஜெர்மன் ரொமான்டிசிசம்னாலே நீலப்பூன்னு ஆகிப்போச்சு. பகல்ல மண்ணுக்கடியில உப்பு, ராத்திரி நீலப்பூ!

இந்தியாவுக்கும் இதுல ஒரு நேர் தொடர்பு உண்டு. கல்கத்தாவுல நீதிபதியா இருந்த வில்லியம் ஜோன்ஸ் 1789ல காளிதாசரோட சாகுந்தலத்த இங்கிலீஷ்ல கொண்டுவந்தாரு, 1791ல அதுலேர்ந்து ஜெர்மன்ல போச்சு, கதே அதப் புகழ்ந்து கவிதையே எழுதுனாரு, ஃப்ரீட்ரிஷ் ஷ்லேகல் சமஸ்கிருதம் கத்துக்கிட்டு 1808ல இந்தியர்களோட மொழியும் ஞானமும்னு ஒரு புத்தகம் போட்டாரு. அவங்க பார்த்த இந்தியா அவங்க ஏக்கத்துல செஞ்ச இந்தியா, பெருமைப்படறப்ப அதையும் கொஞ்சம் யோசிக்கணும்.

ஜெர்மனிலயே ஹைடல்பெர்க் ஊர்க் கூட்டம் நாட்டுப்புறப் பாட்டு பக்கம் போனது, அந்தக் காத்துலதான் கிரிம் சகோதரர்கள் கதை திரட்டி 1812ல மொத தொகுதி போட்டாங்க. கிராமத்துப் பாட்டி சொன்ன கதைன்னு நம்பிராதீங்க, சொன்னவங்கள்ல நிறைய பேரு படிச்ச நடுத்தர வீட்டுப் பொண்ணுங்க, அதையும் பதிப்புக்குப் பதிப்பு திருத்திக்கிட்டே இருந்தாங்க. ஸ்னோ ஒயிட்ட கொல்லச் சொன்னது மொத பதிப்புல பெத்த அம்மா, அப்புறம்தான் சித்தியாக்குனாங்க. ஹாஃப்மன் இன்னொரு ரகம், பகல்ல நீதிபதி வேலை, ராத்திரி பயங்கரக் கதை. மணல்மனிதன் 1816ல வந்தது, ஒரு பையன் பொம்மைன்னு தெரியாம ஒரு இயந்திரப் பொண்ண காதலிக்கிறான். மனுஷனா மெஷினான்னு இன்னிக்குக் கேக்குற கேள்விய அப்பவே கேட்டுட்டாரு, இத மட்டும் மிஸ் பண்ணாதீங்க.

பிரான்ஸ்ல சண்டைன்னா நெஜமாவே சண்டை. அங்க நாடகத்துக்கு சட்டதிட்டம் ஜாஸ்தி, கதை ஒரே நாள்ல ஒரே எடத்துல நடக்கணும், 12 அசை வரிக்குள்ள வாக்கியம் கச்சிதமா முடியணும், ராஜா ராஜா மாதிரி பேசணும். 1827ல விக்டர் ஹ்யூகோ ஒரு நாடக முன்னுரைல உன்னதமும் கோரமும் வாழ்க்கைல கலந்துதான் இருக்கு, மேடைலயும் கலந்தே இருக்கட்டும்னு எழுதி வம்ப ஆரம்பிச்சாரு. 1830 பிப்ரவரி 25, எர்னானி நாடகத்தோட மொத ராத்திரி. காசு கொடுத்துக் கைதட்ட வைக்கிற ஆளுங்க வேணாம்னுட்டு ஹ்யூகோ தன் ஆதரவுப் பசங்கள மத்தியானமே தியேட்டருக்குள்ள உட்கார வச்சுட்டாரு, அதுல 18 வயசு கோத்தியே சிவப்பு வெய்ஸ்ட்கோட்டு போட்டு வந்து பழமைவாதிங்க கண்ணுலயே குத்துனாரு. திரை தூக்கி மொத ரெண்டு வரியிலயே கலாட்டா. ரகசியப் படிக்கட்டுங்கிற ரெண்டு சொல்ல ஹ்யூகோ பிரிச்சு, படிக்கட்ட ஒரு வரி கடைசிலயும் ரகசியத்த அடுத்த வரி தொடக்கத்துலயும் போட்டிருந்தாரு. அவ்ளோதான் குத்தம்! ஒரு ராஜா சாதாரணமா மணி என்னன்னு கேக்குறதுக்கும் கூச்சல். இன்னிக்கு நமக்கு சிரிப்பா இருக்கலாம், ஆனா சீர் உடைஞ்சா ஆகாதுன்னு நம்ம ஊர்லயும் புதுக்கவிதைக்கு நடந்த ரகளைய நெனைச்சுப் பாருங்க, புரியும்.

போலந்துல நாடே இல்லாத காலம், அதனால மிட்ஸ்கியேவிச் கைல ரொமான்டிசிசம் தேசத்துக்கான ஏக்கமாச்சு. ரஷ்யாவுல லெர்மன்தவ் 1840ல எழுதுன நம் காலத்து நாயகன் பைரன் மாதிரி போஸ் கொடுக்குற ஹீரோவ உள்ளுக்குள்ளேர்ந்து கிழிச்சுக் காட்டுது. இத்தாலில லியோபார்தியோட முடிவிலி, வெறும் 15 வரி, வேலி மறைக்கிறதாலதான் அதுக்கு அப்பால இருக்கறத நெனைக்க முடியுதுன்னு சொல்ற கவிதை. அமெரிக்காவுக்கு தோரோவும் எட்கர் ஆலன் போவும் போதும் ஆரம்பத்துல.

நாவல்ல ஒண்ணே ஒண்ணு படிக்கணும்னா மேரி ஷெல்லி எழுதுன ஃப்ராங்கன்ஸ்டைன். 1815 ஏப்ரல்ல இந்தோனேசியாவுல தம்போரா எரிமலை வெடிச்சு, அதோட தூசி வானத்துல பரவி அடுத்த வருஷம் ஐரோப்பாவுல கோடையே வரல. ஜெனீவா ஏரிக்கரைல மழைல மாட்டிக்கிட்ட பைரன், ஷெல்லி, மேரி எல்லாரும் ஆளுக்கொரு பேய்க்கதை எழுதலாம்னு பேசிக்கிட்டாங்க, அப்ப மேரிக்கு 18 வயசு. 1818 ஜனவரில பேரு போடாம வந்துச்சு. படிக்கிறப்ப ரெண்டு விஷயம் கவனிங்க. ஃப்ராங்கன்ஸ்டைன்ங்கிறது படைச்சவன் பேரு, அந்த ஜீவனுக்குப் பேரே கிடையாது. அப்புறம் அந்த ஜீவன் காட்டுல கிடைச்ச புத்தகத்த வச்சு மனுஷங்களப் பத்திக் கத்துக்குது, அதுல ஒண்ணு வெர்தர். வடதுருவத்துக்குப் போற கப்பல் கேப்டன் கிழ மாலுமியப் பத்திப் பேசுறான். முந்தின ஐம்பது வருஷத்து ரொமான்டிக் எழுத்தையெல்லாம் அந்தப் பொண்ணு உள்ள போட்டு, மேதைன்னு நெனைச்சுக்கிட்டு பொறுப்பில்லாம படைக்கிற ஆம்பளையோட கதி என்னன்னு காட்டிட்டா. புருஷன் ஷெல்லிய பக்கத்துல வச்சுக்கிட்டே!

எல்லாரும் விட்டுர்ற ஆள் ஒருத்தர் உண்டு, ஜான் கிளேர். வேர்ட்ஸ்வொர்த் கிராமத்தானப் பத்தி எழுதுனவரு, கிளேர் கிராமத்தானே. ஹெல்ப்ஸ்டன்ல கூலி வேலை பார்த்தவரு, பொது மேய்ச்சல் நிலத்தையெல்லாம் வேலி போட்டு எடுத்துக்கிட்டப்ப தன் கண்ணால பார்த்தவரு. வேர்ட்ஸ்வொர்த்தோட தனியா கதிர் அறுக்குற பொண்ணு கவிதையையும் கிளேரோட நிலம் பத்தின கவிதை ஒண்ணையும் சேர்த்துப் படிங்க. அந்தக் கதிர் அறுக்குற பொண்ணு கவிதைக்கு விதை ஒரு நண்பரோட பயணக் கையெழுத்துப் பிரதில கிடைச்ச வாக்கியம், கடைசி வரியே அங்கேர்ந்து எடுத்ததுதான். அவ என்ன பாடுறான்னு தெரியலன்னு கவிதைல வருது, மொழி புரியாதவரு. கிளேருக்கு எந்தப் பறவை எந்தப் புதர்ல எத்தனை முட்டை வைக்கும்னு தெரியும். பின்னால மனநிலை சரியில்லாம காப்பகத்துல இருந்தவரு 1841ல அங்கேர்ந்து கிளம்பி ஏறக்குறைய 80 மைல் நடந்தே வீட்டுக்கு வந்தாரு, பசிக்கு ரோட்டோரப் புல்ல பிடுங்கித் தின்னுக்கிட்டு. இயற்கைக்குத் திரும்புறதுன்னு நோட்ஸ்ல எழுதறப்ப இந்தப் புல்லையும் ஒரு தடவ நெனைச்சுக்குங்க.

புத்தகம் வாங்கக் காசு இல்லன்னு நிக்க வேணாம், இங்கிலீஷ்ல எழுதுனதெல்லாம் காப்பிரைட் போன பழசு, கூட்டன்பெர்க் தளத்துல இலவசம், வாய்விட்டுப் படிச்ச ஆடியோ லிப்ரிவாக்ஸ்ல இருக்கு. ஜெர்மன், பிரெஞ்சு ஆளுங்கள இங்கிலீஷ் வழியாத்தான் படிக்கணும், பழைய மொழிபெயர்ப்பு கொஞ்சம் மொடமொடன்னு இருக்கும், பொறுத்துக்குங்க. வாரத்துக்கு ஒரு கவிதை, ஒரே கவிதை, மூணு தடவ, அதுல ஒண்ணு வாய்விட்டு. வாழ்க்கை வரலாற கவிதைக்கு அப்புறம் படிங்க, மொதல்லயே படிச்சீங்கன்னா ஷெல்லி கடல்ல மூழ்குனது, பைரன் கிரீஸ்ல காய்ச்சல்ல போனதுன்னு சாவுக்கதையே மூளைய அடைச்சுக்கும், கவிதை உள்ள போகாது.

வேர்ட்ஸ்வொர்த் தன் வாழ்க்கையப் பத்தி எழுதுன நீளக் கவிதை ப்ரெலூட், அத முழுசா படிக்கணுமான்னு கேப்பீங்க, 14 பாகம், வேணாம், மொத பாகத்துல படகு திருடுற எடம் மட்டும் படிங்க. சின்னப் பையன் ராத்திரில யாரோ கட்டி வச்சிருந்த படக அவுத்துக்கிட்டுப் போறான், நேரா போக எதிர்ல இருக்குற மலை முகட்டுல கண்ண வச்சுக்கிட்டு துடுப்பு போடுறான். கரையிலேர்ந்து தள்ளிப் போகப் போக அந்த முகட்டுக்குப் பின்னாலேர்ந்து இன்னொரு பெரிய கருப்பு மலை எந்திரிக்குது, துடுப்பு போடப் போட அது இன்னும் ஒசருது, உயிரிருக்கிற மாதிரி அவன் பின்னாலயே நடந்து வருது. நடுங்கிப் போய் படகத் திருப்பிக் கொண்டுவந்து இருந்த எடத்துலயே கட்டிட்டு வீட்டுக்குப் போறான், அதுக்கப்புறம் எத்தனையோ நாளைக்கு அவன் மனசுல மரமும் இல்ல, வானமும் இல்ல, பச்சை வயலும் இல்ல, பேரு தெரியாத பெரிய உருவங்க மட்டும் பகல்ல மெதுவா நகர்ந்துக்கிட்டு ராத்திரி கனவுலயும் வந்து தொந்தரவு பண்ணுது.